மீன் தொட்டி நீரை ஏன் மாற்ற வேண்டும்? எளிதாக எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் ‘மிஸ் கேரளா’ மீன் ஓடும் நீரில் வாழ்வது. வீட்டுத் தொட்டியிலோ நீர் ஓடாது. மீன் கழிவின் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் தேங்கும். அதனால்தான் வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுகிறோம்.

எப்படி? அடி வெட்டிய சிறு பாட்டிலின் கழுத்தில் பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். பாட்டிலைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, குழாயில் நீர் நிரப்பி, மறுமுனையை விரலால் அடைத்துத் தொட்டியைவிடத் தாழ்வாக இறக்கித் திறந்தால், இறங்கும் நீரின் எடையே மேலுள்ளதை இழுக்கும். அகன்ற பாட்டிலில் நீரின் வேகம் குறைவதால் தொட்டி அடியிலுள்ள கூழாங்கல் தங்கிவிடும். அழுக்கு மட்டும் வெளியேறும்.

புது நீரில் குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்பேட் அதை நீக்கும். வெளியேற்றிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அதற்கு உரம்.