கார்ல 'கடகட' சத்தமா? எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"சார், சஸ்பென்ஷன் வேலை இருக்கு"ன்னு சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் வந்தாலே மாசச் சம்பளக்காரங்களுக்கு வயிறு கலங்கும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள சில நூறு ரூபாய் பார்ட்டும் இருக்கு, பல ஆயிரம் இழுக்குற பார்ட்டும் இருக்கு. எது போயிருக்குன்னு சத்தம் பாதி சொல்லிடும். அது எப்போ வருதுன்னு கவனிச்சாலே போதும்.

முதல்ல டிக்கியைத் திறந்து ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பல 'சஸ்பென்ஷன் சத்தம்' அங்கேயே முடிஞ்சிடும்.

மேடு பள்ளமான ரோட்டில் மெதுவா போகும்போது முன்பக்கம் 'கடகட'ன்னு வந்தால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் மேல. சஸ்பென்ஷன்லயே விலை குறைவான பார்ட்களில் ஒண்ணு. இதைப் பார்க்காம நேரா ஷாக் அப்சார்பரை மாத்தினா பணம்தான் போகும், சத்தம் போகாது.

ஷாக் அப்சார்பர் போச்சுன்னா சத்தத்தை விட ஆட்டம்தான் நல்லா தெரியும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டின பிறகும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஷாக் மேல எண்ணெய் கசிஞ்சிருக்கும். ஒரு பக்கம்தானே போச்சு, ஏன் ரெண்டு போட்டிருக்காங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க. முன்பக்கம்னா முன்பக்க ரெண்டையும் ஜோடியா மாத்துறதுதான் சரி. நாலையும் மாத்தணும்னு சொன்னாத்தான் காரணம் கேட்கணும்.

'கீச் கீச்'னா பெரும்பாலும் ரப்பர் புஷ் காய்ஞ்சிருக்கும். அடுத்த சர்வீஸ்ல காட்டினா போதும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே 'டக்'னு கேட்டா, ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

தள்ளிப்போடவே கூடாதது ஒண்ணு இருக்கு: பள்ளத்தில் இறங்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ கனமா ஒரு 'டொக்', கூடவே ஸ்டியரிங்கில் தளர்வு. பால் ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கலாம். அது கழன்றா ஓடுற வண்டியில் சக்கரம் மடங்கிடும். போனஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே காட்டுங்க.

முழுசா திருப்பி ஓட்டும்போது வர்ற 'டக் டக் டக்' சிவி ஜாயிண்ட். வேகம் கூடக்கூட ஏறுற 'ஊம்ம்' வீல் பேரிங் அல்லது டயர். இந்த ரெண்டுமே சஸ்பென்ஷன் கணக்கில் வராது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண தேய்மானத்துக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் கிளெய்ம் கிடையாது. அதனால மெக்கானிக்கை பக்கத்தில் உட்கார வச்சு அந்தச் சத்தத்தை நேர்ல கேட்க வைங்க. வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, ஆடுற பார்ட்டைக் கையால ஆட்டிக் காட்டச் சொல்லுங்க. லோயர் ஆர்ம் மாத்தினா வீல் அலைன்மென்ட் செலவும் சேரும், அதையும் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிடுங்க.

பழைய கார் வாங்கப் போறீங்களா? டெஸ்ட் டிரைவ்ல பாட்டு, ஏசி ரெண்டையும் அணைச்சு, கண்ணாடியை இறக்கி, மோசமான தெருவுக்குள்ள ஒரு ரவுண்டு விடுங்க. சத்தம் கேட்டா, வெளி மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்க.