கால் கிலோ கூட இல்லை... விமானத்தின் இறக்கையையே ஓட்டை போட்ட குட்டி டிரோன்!

சென்னை,

கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா என்று எங்கே போனாலும் தலைக்கு மேல் ஒரு டிரோன் ‘விர்’ரென்று சுற்றுகிறது. 250 கிராமுக்கு மேல் போகாத குட்டி டிரோனை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று 2021-ம் ஆண்டு வந்த டிரோன் விதிகளே சொல்கின்றன. ‘இந்த பொம்மை என்ன செய்துவிடும்?’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது என்ன செய்யும் என்பது 2025-ல் அமெரிக்காவில் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பயங்கர காட்டுத்தீ. ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாகின. தீயை அணைக்க கனடாவில் இருந்து வந்த விமானம், ஒரே மூச்சில் சுமார் 6 ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரை மொண்டு வந்து கொட்டிக்கொண்டு இருந்தது. 9-ந்தேதி அதன் இடது இறக்கையில் ஒரு டிரோன் மோதியது. சுமார் 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை!

நல்லவேளையாக விமானிகள் பத்திரமாக தரை இறக்கிவிட்டனர். ஆனால் தீ கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது.

டிரோனை ஓட்டியவர் தீவிரவாதியும் இல்லை, திருடனும் இல்லை. தீயை வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டவர். கார் நிறுத்தும் கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருந்து பறக்க விட்டிருக்கிறார். டிரோன் 2½ கிலோ மீட்டர் தாண்டியதும் அவர் கண்ணில் இருந்து மறைந்துவிட்டது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், நஷ்டஈடாக கட்ட வேண்டியிருந்தது 65 ஆயிரம் டாலருக்கும் மேல்.

வேகம்தான் வில்லன்

கால் கிலோ கூட இல்லாத பொருள் எப்படி இறக்கையை கிழிக்கும்? விமானம் வரும் வேகம் அப்படி. பறவை மோதினாலே ஆபத்து. பறவை உடம்பு சதை; டிரோனுக்குள் மோட்டாரும் பேட்டரியும் கல்லு மாதிரி இருக்கிறது.

‘விமானம் எவ்வளவோ உயரத்தில் போகுது’ என்ற கணக்கும் தப்பு. ஓடுபாதைக்கு 5 கிலோ மீட்டர் இருக்கும்போதே விமானம் சுமார் 850 அடிக்கு இறங்கி விடும். டிரோன்கள் ஆயிரம் அடியை சாதாரணமாக தாண்டுகின்றன. கனடாவின் கியூபெக் நகரில் 2017-ல் 8 பேருடன் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் டிரோன் மோதியது 1,500 அடி உயரத்தில்!

மோத வேண்டும் என்பது கூட இல்லை. 2018 டிசம்பரில் ‘டிரோன் தெரிகிறது’ என்ற தகவலுக்கே லண்டன் கேட்விக் விமான நிலையத்தை மூடினார்கள். சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிப்பு. பயணிகள் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் தவித்தனர்.

கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்துதான். இங்கிலாந்தில் 2015-ல் மரத்தில் உரசி நிலைதடுமாறிய டிரோனின் இறக்கை வெட்டி, ஒன்றரை வயது குழந்தைக்கு ஒரு கண்ணே போய்விட்டது. ஓட்டியவர் அந்த குடும்பத்துக்கு வேண்டியவர். திருவிழா கூட்டத்தின் தலைக்கு மேல் தாழ்வாக ஓட்டுபவர்கள் இதை யோசிப்பதாக தெரியவில்லை.

8 கிலோ மீட்டருக்குள் கூடாது

நம்ம ஊரில் விமான நிலைய சுற்றுச்சுவரில் இருந்து 8 கிலோ மீட்டருக்குள் அனுமதி வாங்காமல் டிரோன் பறக்க விடக்கூடாது. போரூர், கிண்டி, வேளச்சேரி எல்லாமே மீனம்பாக்கத்துக்கு இந்த தூரத்துக்குள்தான் வருகிறது. 8 முதல் 12 கிலோ மீட்டர் வரை 200 அடி உயரம்தான். அதற்கும் வெளியே, தடை இல்லாத இடங்களில் 400 அடி வரை போகலாம்.

பைலட் சான்றிதழ் தேவையில்லாத குட்டி டிரோனுக்கும் இந்த எல்லை உண்டு. மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம். எந்த இடம் சிவப்பு, எது மஞ்சள், எது பச்சை என்று மத்திய அரசு வெளியிட்டுள்ள டிரோன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டுக்காரர்கள் வீடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே மண்டபம் எந்த கலரில் வருகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.