திங்கட்கிழமை மட்டும் சோர்ந்துபோகும் பேட்டரி

ஜெம்போல் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே என் பக்கத்து வீட்டு மாமாவின் காடி, வாரநாளில் ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலையில் மட்டும் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். தோட்டத்துக்குள் பேருந்து வராது. அப்படி ஒரு திங்கட்கிழமை அவர் மகள் அரையாண்டுத் தேர்வின் முதல் தாளையே எழுத முடியாமல் போனது. இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் புதிய பேட்டரி மாற்றினார். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை.

மாணவர்களே, இங்கே கெட்டுப்போனது பேட்டரிதானா?

முதலில் பேட்டரிக்குள் நடப்பதைப் பார்ப்போம். 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில மின்கலத்தைத்தான் இன்றும் பெரும்பாலான காடிகளில் பயன்படுத்துகிறோம். ஒரு தகடு ஈயம், மற்றொன்று ஈய டையாக்சைடு. இடையில் நீர்த்த சல்பியூரிக் அமிலம். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மின்னிறக்கம் ஆன நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால், சல்பேட்டு கெட்டியான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதாகக் கரையாது. புதிய பேட்டரியும் சீக்கிரம் சாவது இதனால்தான்.

காடியை நிறுத்திப் பூட்டினாலும் கடிகாரம், எச்சரிக்கை மணி, கணினி ஆகியவை சிறிதளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது சுமார் 0.03 ஆம்பியர் என்று வைப்போம். 45 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகத் தீர 1500 மணி நேரம், அதாவது 62 நாள் ஆகும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வாரக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்ற காடிகள் பல கிளம்ப மறுத்தது நினைவிருக்கிறதா? காரணம் இந்தச் சின்னக் கசிவுதான். ஆனால் மாமாவின் காடி இரண்டே நாளில் படுத்துவிடுகிறதே! கசிவு பெரியது என்று அப்போதே தெரிகிறது.

ஒரு சனிக்கிழமை, மல்டிமீட்டரோடு சோதனையில் இறங்கினோம்.

முதல் சோதனை: மின்னேற்றிய பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு மின்னழுத்தத்தை அளந்தோம். 12.6 வோல்ட். இது நிறைந்த பேட்டரியின் அளவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை: இயந்திரம் ஓடும்போது 14.1 வோல்ட். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் மின்னாக்கி நன்றாக மின்னேற்றுகிறது.

மூன்றாவது சோதனை: இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து, கதவுகளையும் பின்பெட்டியையும் மூடினோம். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மீட்டரைத் தொடராக இணைத்தோம். மீட்டர் 10 ஆம்பியர் அளவில் இருந்தது. கணினி உறங்க அரை மணி நேரம் காத்திருந்தோம். 0.45 ஆம்பியர்! வழக்கத்தைவிடப் பதினைந்து மடங்கு.

பிறகு உருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். உள்விளக்குகளின் உருகியை எடுத்ததும் மீட்டர் 0.03க்கு இறங்கியது. குற்றவாளி அந்தச் சுற்றில்தான். உருகியை மீண்டும் செருகினோம். மகள் தன் கைப்பேசியில் காணொளிப் பதிவைத் தொடங்கி, பின்பெட்டிக்குள் வைத்து மூடினாள். எடுத்துப் பார்த்தால், மூடிய பெட்டிக்குள்ளும் விளக்கு எரிகிறது! மூடியின் சுவிட்சு தேய்ந்திருந்தது.

கணக்கும் பொருந்துகிறது. 5 வாட் விளக்கை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.42 ஆம்பியர். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம். 25 ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரியில் பாதிக்கு மேல்! வாரநாளில் இரவில் இழந்ததைப் பட்டணம் போய்வரும் பயணம் ஈடுசெய்துவிட்டது. சில ரிங்கிட் சுவிட்சு மாற்றியதோடு சிக்கல் தீர்ந்தது.

எச்சரிக்கை: இதைப் பெரியவர் துணையின்றிச் செய்யாதீர்கள். முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். காடியின் உடல் அதனோடு இணைந்திருப்பதால், நேர்முனையைக் கழற்றும்போது திருகுச்சாவி உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அருகில் நெருப்பு கூடாது. மீட்டர் தொடரில் இருக்கையில் இயந்திரத்தை முடுக்காதீர்கள். ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேரடியாக வைக்கவே கூடாது.

படிவம் 2இல் மின்னோட்டம், மின்னழுத்தம், தொடர் இணைப்பு என்று படித்தோமே, அவைதாம் இங்கே உதவின. ஒரு பொருள் கெட்டதும் புதிதாக வாங்கும் முன், ‘எப்போது மட்டும் கெடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திங்கட்கிழமையைக் கவனித்துச் சொன்னவள் மாமாவின் மகள்தான்.