அவனி நாரணம் என்னும் குளம்

தெள்ளாற்றுப் போரில் பாண்டியனை வென்று ‘தெள்ளாறெறிந்த’ என்ற விருதைப் பெற்ற மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் கீர்த்தி, நம் ஆற்காட்டுச் சீமையில் வந்தவாசியை அடுத்த தெள்ளாறு என்னும் சிற்றூரோடு அடங்கிவிடாமல், வங்கக் கடலையும் தாண்டி, தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த ஒரு கல்லின்மேல் நிலைபெற்றிருக்கிறது.

தகுவாபா நதியின் முகத்துவாரத்தில் கோ கோ காவ் என்றொரு தீவு உண்டு. உல்லாசப் பிரயாணிகள் இன்று வெண்மணலை நாடிப் படகேறிச் செல்லும் அத்தீவில், துங் துக் என்னுமிடத்தில், செங்கல் அஸ்திவாரங்களும், சீனத்துத் தாங் காலப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், வண்ண மணிகளும் அகப்பட்டிருக்கின்றன. பருவக்காற்றை நம்பியே மரக்கலங்கள் ஓடிய அந்நாளில், காற்றுத் திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த வர்த்தகர்கள், அக்கரையில் ஏறக்குறையக் குடித்தனமே நடத்தியிருக்க வேண்டும்.

தகுவாபாவில் கிடைத்த, சிதைந்துபோன 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், ‘அவனி நாரணம்’ என்ற குளத்தை மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் பாதுகாப்பில் ஒப்படைத்ததைச் சொல்கிறது. அவனிநாராயணன் என்பது நந்திவர்மனின் பட்டப்பெயர். ஏரி வெட்டியே பிழைத்த வட ஆற்காட்டில் பிறந்த எனக்கு, பொன்னையும் மணியையும்விட, அந்நிய மண்ணில் தோண்டப்பட்ட இக்குளமே நெஞ்சை உருக்குகிறது.

அப்பகுதியில் இருந்த விஷ்ணு முதலிய கல் விக்கிரகங்களை ஒரு பெருமரம் வளர்ந்து வளர்ந்து தன் அடிமரத்துக்குள்ளேயே நெடுங்காலம் பொதிந்து வைத்திருந்தது. புக்கெட் தீவுக்குச் செல்பவர்கள், கடற்கரைக்குப் போகுமுன் தலாங் அருங்காட்சியகத்தில் அவற்றைத் தரிசிக்கலாம்.