குச்சியோடு வந்த பூச்சி, பின்னாலேயே வந்த குளவி

2020-ஐ உலகத் தாவர நல ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஊரடங்கில் மனிதர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்தபோது, இந்தியா அதுவரை கண்டிராத ஒரு மாவுப்பூச்சி திருச்சூர் மரவள்ளித் தோட்டங்களில் அகப்பட்டது. அடுத்து சேலம், நாமக்கல் பக்கம் இறங்கியது. குச்சிக்கிழங்கையும் ஜவ்வரிசி ஆலையையும் நம்பிப் பிழைக்கிற வட்டாரம் அது.

இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகிவிடும். குருத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினால் கணுக்கள் நெருங்கி, இலை சுருண்டு, நுனி கொத்தாகிப்போகும். மரவள்ளிக்கு விதைப்பு இல்லை, குச்சி நடவுதான். ஒரு கட்டுக் குச்சி எல்லை தாண்டினால் போதும், பூச்சியும் கூடவே தாண்டிவிடும்.

தென்னமெரிக்காவின் இந்தப் பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் தலைகாட்டியது. அங்கே கிழங்குதான் அன்றாடச் சோறு, இலைதான் கீரை. நைஜீரியாவின் இபதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன், பூச்சியின் பிறந்த மண்ணில் அதன் எதிரியும் இருக்கும் என்று தேடக் கிளம்பினார். தென்னமெரிக்காவின் வடபகுதியில் கிடைத்தது அச்சு அசலாக அதுபோலவே இருந்தது. ஆனால் வேறு இனம். அதன் எதிரிகள் உதவவில்லை. அந்த வேறு இனத்துக்குப் பிற்பாடு ஹெரன் பெயரையே சூட்டினார்கள், வேடிக்கைதான். 1981-இல், கொலம்பியாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் அந்தோணி பெலோட்டி, பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். கூடவே ஒரு குளவியும் கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும்.

அதை நேராக ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விட்டுவிடவில்லை. பிரிட்டனில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். சுமார் 30 நாடுகளில் அது நிலைகொண்டது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு. 2008-இல் பூச்சி தாய்லாந்தில் நுழைந்தபோது, அந்தக் குளவியைக் கொடுத்தது ஆப்பிரிக்காவின் பெனின். நமக்கும் 2021-இல் பெனினிலிருந்துதான் வந்தது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் வந்திறங்கியபோதும் இதே கதை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன.

பயிர்ப் பாதுகாப்பில் நாடுகளின் ஒத்துழைப்பு என்றால் 1951-இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையைத்தான் முதலில் சொல்வார்கள். 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. சான்றிதழ், துறைமுகச் சோதனை, மரப்பெட்டியில் முத்திரை எல்லாம் அதன் வழி வந்தவை. தேவைதான். ஆனால் இவையெல்லாம் வாசல் காவல். பூச்சி உள்ளே வந்துவிட்ட பிறகு எந்த நாடு எதை, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறது என்பதில்தான் ஒத்துழைப்பின் தரம் தெரிகிறது.

அந்தக் கொடுக்கல் வாங்கல் இப்போது சிக்கலாகியிருக்கிறது. 2014-இல் நடப்புக்கு வந்த நகோயா நெறிமுறைப்படி, ஒரு நாட்டின் உயிரினங்களை ஆய்வுக்கும் பயனுக்கும் எடுத்துச்செல்ல அந்நாட்டின் அனுமதியும் பயன்பங்கீட்டு ஒப்பந்தமும் வேண்டியிருக்கும். மஞ்சளுக்குத் தரப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையை எதிர்த்துப் போராடிய நாம் அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் மருந்துக் கம்பெனி தேடிப்போகும் மூலிகையும், வயலில் விட்டதும் தானே பெருகி யாருக்கும் லாபம் தராத குளவியும் ஒன்றல்ல. பயிரைக் காக்கும் ஒட்டுண்ணிகளுக்கு மட்டும் விரைவான தனி வழி வேண்டும். அதை உரக்கக் கேட்க, இரண்டு முறை வாங்கிப் பலன் கண்ட இந்தியாவைவிடத் தகுதியான நாடு அதிகம் இல்லை.