கேட் 6 ஒயர், 94 எம்பிபிஎஸ்

காரிமங்கலத்தில் எங்க வீட்டு ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். மாடியில் ஒயர் இழுத்துப் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் 94-க்கு மேல் ஏறவே இல்லை. ஒயரில் 'கேட் 6' என்றுதான் அச்சடித்திருக்கிறது. அப்புறம் ஏன்?

'கேட்' என்பது ஒயரின் தரம் மட்டுமே. அதில் தகவல் எந்த முறையில் போகிறது என்பதற்கு ஐஇஇஇ 802.3 குழு வைக்கும் பெயர்கள் வேறு: 100பேஸ்-டிஎக்ஸ், 1000பேஸ்-டி. முதலில் வரும் எண் வேகம், மெகாபிட் கணக்கில். 'பேஸ்' என்றால் பேஸ்பேண்ட். சிக்னலை இன்னொரு அலைமேல் ஏற்றாமல் நேராக அனுப்புவது. 'டி' என்றால் ஜோடி ஜோடியாக முறுக்கிய செம்புக் கம்பி. பழைய 10பேஸ்5-இல் அந்த 5, 500 மீட்டர் தூரத்தைக் குறித்தது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100பேஸ்-டிஎக்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 1999-இல் வந்த 1000பேஸ்-டிக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எங்க வீட்டில் பழுப்புக் கம்பி ஒன்று கனெக்டருக்குள் முழுசாகப் போகவில்லை. முனையை வெட்டிப் புது ஆர்ஜே-45 போட்டேன். லிங்க் ஸ்பீட் 1000 காட்டியது.

உங்க வீட்டிலும் வேகம் 95-க்குப் பக்கத்திலேயே நிற்கிறதா? புது ஒயர் வாங்கும் முன்னால் லிங்க் ஸ்பீடை ஒருமுறை பாருங்கள்.