மனோரா: கடைமடையில் நிற்கும் கோபுரம்

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் போனால் கடல். அந்தக் கடலோரத்தில், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், சரபேந்திரராஜன்பட்டினம்னு ஒரு ஊர் இருக்கு. பெயர்தான் நீளம், ஊர் சின்னது. அந்தப் பெயரைச் சொன்னால் நம்ம மாவட்டத்திலேயே பல பேருக்குத் தெரியாது. மனோரான்னு சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிற இடம்.

கோபுரம் ஆறு பட்டையாக, எட்டு அடுக்காக, சுமார் 75 அடி உயரம் நிற்கிறது. சுற்றிலும் மதில், மதிலைச் சுற்றி அகழி. செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. 2004 சுனாமியில் அடிபட்டு, பிறகு சரிசெய்தார்கள். 'மினார்' என்ற சொல்தான் நம்ம வாயில் மனோரா ஆகிவிட்டது. கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. அவருடைய இன்னொரு பெயரான சரபேந்திரர்தான் ஊருக்கும் பெயர்.

எதற்காகக் கட்டினார்? இங்கேதான் வேடிக்கை. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததையும் வெள்ளைக்காரன் ஜெயித்ததையும் கொண்டாடத்தான்! வாட்டர்லூ வெற்றிக்கு நினைவுச் சின்னம்னு பல இடத்தில் எழுதியிருப்பாங்க. ஆனால் கல்வெட்டில் இருக்கிற ஆண்டு 1814. வாட்டர்லூ சண்டை நடந்தது 1815 ஜூன் 18. நெப்போலியன் முதல்முறை பதவியிழந்து எல்பா தீவுக்குப் போனது 1814-இல். அடுத்த வருஷமே தீவிலிருந்து தப்பி வந்து மறுபடி ஆட்சியைப் பிடித்துவிட்டான். அதாவது, இங்கே சுண்ணாம்பு காய்வதற்குள் ஆள் திரும்பி வந்துவிட்டான். வாட்டர்லூவில் தோற்றதால் மனோராவின் மானம் பிழைத்தது.

சரபோஜி ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், பல மொழி படித்தவர், கண் சிகிச்சைக் குறிப்புகளைப் படங்களோடு எழுதி வைக்கச் சொன்னவர். ஆனால் 1799-இல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தஞ்சாவூர் ராஜ்ஜியத்தின் நிர்வாகம் மொத்தமும் கைமாறிவிட்டது. அவருக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பத்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். என் கண்ணுக்கு இது நாட்டை எழுதிக்கொடுத்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிய கணக்காகத்தான் தெரிகிறது. நிலவரியை நிர்ணயிக்கிற அதிகாரம் இல்லாத ராஜா, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்த சண்டைக்குக் கோபுரம் கட்டுகிறார். அதே ராஜா, நாட்டை ஒப்படைத்தபோதும் வழிப்போக்கருக்குச் சோறு போடும் சத்திரங்களை மட்டும் தன் பொறுப்பில் விடும்படி கேட்டவர் என்பதையும் சொல்லியாகணும். காசியிலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் நடந்த சேது சாலை இந்த வழிதான். அடுத்த ஊரின் பெயரே சேதுபாவாசத்திரம். ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் இருக்கு.

சரி, இது விவசாயப் பத்திரிகை. கோபுரத்தை விட்டு இறங்கி நிலத்தைப் பார்ப்போம்.

டெல்டான்னா கரிகாலன் காலத்திலிருந்தே காவிரித் தண்ணீர்னு நாம நினைச்சுக்கிறோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அப்படி இல்லை. பழைய டெல்டா வெண்ணாற்றுப் பாசனத்தோடு முடிந்துபோனது. அதற்குத் தெற்கே மேட்டு நிலம், செம்மண், வானம் பார்த்த பூமி. ஏரி, குளம் நிரம்பினால் ஒரு போகம். மனோரா எழுந்து 120 வருஷம் கழித்து, 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்த பிறகுதான் இந்த மண் காவிரியைப் பார்த்தது. தஞ்சாவூர் இர்வின் பாலத்துக்கு அடியில் ஓடுகிறதே, நாம 'புது ஆறு' என்று சொல்வது, அதுதான். கல்லணையில் தொடங்கி புதுக்கோட்டை மாவட்டம் மும்பாலை வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அந்தப் பக்கத்துக்கு உண்மையான நினைவுச் சின்னம் இந்தக் கால்வாய்தான் என்பது என் கட்சி.

ஆனால் கடைமடை கடைமடைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டாங்கன்னு பேப்பரில் படம் வரும். இங்கே தண்ணீர் எட்டிப்பார்க்க எத்தனை நாள் ஆகும் என்பது இங்குள்ளவங்களுக்குத்தான் தெரியும். அதுவும் முறை வைத்து விடுகிற தண்ணீர். கால்வாயைக் காட்டி ஏரி குளங்களைக் கைவிட்டோம், கால்வாய் வராத வருஷம் இரண்டும் இல்லாமல் போனது. நெல்லை நம்ப முடியாமல் தென்னைக்கு மாறினார்கள். தென்னை என்றால் அறுபது வருஷ வருமானம் என்று வங்கியில் நாங்களே கணக்குப் போட்டுக் கடன் கொடுத்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்தக் கணக்கை ஒரே இரவில் முடித்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு மூன்று பக்கமும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. கோபுரம் மட்டும் நின்றது.

அதன் பிறகு நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லணும். 2019-இல் பேராவூரணிப் பக்கத்து விவசாயிகளும் இளைஞர்களும் 'கைஃபா' என்று கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்றை வைத்து, தாங்களே பணம் திரட்டிப் பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். அரசாங்கம் வரட்டும்னு காத்திருக்கவில்லை. கால்வாய்க்கு முந்தின காலத்துப் பாட்டன் புத்தி அது.

இனி கடல். மனோராவிலிருந்து பார்த்தால் தெரிகிற பாக் விரிகுடா ஆழமில்லாதது. அடியில் கடற்புல் வளர்கிறது. அதைத்தான் கடல்பசு மேய்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. 'நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்கலாம். நம்ம வயலில் வடிகிற தண்ணீர் அக்கினியாறு போன்ற காட்டாறுகள் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. யூரியா உப்பு அதிகமாகப் போய்ச் சேர்ந்தால் பாசி பெருகி, கடற்புல்லுக்கு வெயில் படாமல் மூடிவிடும். களைக்கொல்லி கலந்து போனால் அதுவும் புல்லுக்குக் கேடுதான். அதுவும் ஒரு செடிதானே. கல்லணைக் கால்வாயில் தலைமடையில் இருக்கிறவனுக்கும் இதில் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது உப்பு. கடலோரத்து இறால் பண்ணைகளுக்கு எதிராக சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்தால் போதும் என்று வழி திறந்துவிட்டார்கள். நிலத்தடி நீர் ஒருமுறை உப்பாகிவிட்டால் பஞ்சகவ்யமோ அமிர்தக்கரைசலோ அதை மாற்றாது. ஏரியில் நல்ல தண்ணீர் நின்றால்தான் உப்பு பின்வாங்கும்.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்கள் புரட்டாசியில் போங்க, கால்வாயில் தண்ணீர் இருக்கும். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக சுமார் 65 கிலோமீட்டர். சத்திரத்தை வழியிலேயே பார்த்துவிடலாம். கோபுரத்தைப் பார்க்க அரை மணி போதும். மீதி நேரத்தில் கடைசி மதகு ஒன்றில் வண்டியை நிறுத்தி, அங்கே நிற்கிற ஆளிடம் இந்த வருஷம் எத்தனை முறை தண்ணீர் வந்ததுன்னு கேளுங்க.